முப்பதாம் நோன்புக் கஞ்சியின் உப்பு

பூந்தமல்லி
பெருநாள் முடிஞ்ச மறுவாரம், செவ்வாய்க்கிழமை

என் கண்ணு ஷாகிதாவுக்கு உன் அம்மா சலாம் சொல்லி எழுதுறது. அல்லாஹ் புண்ணியத்துல நானும் உங்க அத்தாவும் நல்லா இருக்கோம், உங்க அத்தாவோட முட்டிய மட்டும் அந்தக் கணக்குல சேக்காத, அது அது இஷ்டத்துக்கு இருக்கு. அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும், உன் வயித்துல இருக்குற என் தங்கம் ஒரு குறையும் இல்லாம வளரணும்னு அஞ்சு வேளையும் கையேந்திக் கேட்டுகினு இருக்கேன். கனடாவுல இன்னும் பனி கொட்டுதுன்னு சொன்னியே, வெறுங்கால்ல தரையில நடக்காத, வாந்தி நின்னுதா இல்லியான்னு போன்ல கேட்டா பேச்ச மாத்துற, சீரகத்த வறுத்து தண்ணியில போட்டு கொதிக்க வெச்சு குடி, ஆஸ்பத்திரியில நீ நர்ஸா இருக்கலாம், எனக்கு நீ வாந்தி எடுக்குற புள்ளதான். இந்தக் கடிதாசிய எதிர்வீட்டு ராதிகா கையில குடுத்து அனுப்புறேன், லீவு முடிஞ்சு அவ உங்க ஊருக்கே திரும்பி வர்றா, கூடவே நார்த்தங்கா ஊறுகா வெச்சிருக்கேன், மொத்தத்தையும் ஒரே நாள்ல முழுங்காத. போன் இருக்கும்போது இன்னாத்துக்கு கடிதாசின்னு நீ சிரிப்ப. போன்ல நான் வாயத் தொறந்தா உங்க அத்தா பக்கத்துல வந்து உக்காந்துக்குறாரு, இந்த விஷயத்த எடுத்தா போதும், அத விடு ஜஹானா, செஞ்சத வாயால சொன்னா அல்லாஹ்கிட்ட இருக்குற கூலி கரைஞ்சிடும்னு சொல்லி போன புடுங்கிடுறாரு. செஞ்சது அவரு, சொல்றது நானு, என் கூலி வேற அவரு கூலி வேற. பெருநாள் அன்னைக்கு அத்தா ஏன்மா போன்ல அழுதாருன்னு நீ கேட்ட இல்ல, கஞ்சி நல்லா வந்துதும்மான்னு சொல்லிட்டு ஒரு மனுசன் எதுக்கு அழணும்னு உனக்கு குழப்பமா இருந்திருக்கும். அதுக்குத்தான் எழுதுறேன். உக்காந்து படி, நின்னுகினு படிக்காத.

கொஞ்சம் உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவருக்கும் படிச்சுக் காட்டு. உங்க அத்தா ஆவடி பேக்டரியில வெல்டரா இருந்த காலத்துல நோன்பு மாசம் வந்தா நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்குவாரு, ராத்திரி பூரா அங்க நெருப்பு, காலையில வந்து கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு மத்தியானம் பள்ளிவாசல் பின்னாடி கொட்டாயில இங்க நெருப்பு. தண்ணி கூட குடிக்காம, அந்தப் பெரிய தேக்சாவுல தெருவுக்கே கஞ்சி காய்ச்சுவாரு. அசர் தொழுகைக்கு அப்புறம் தூக்குச் சட்டிய எடுத்துகினு நம்ம ஜனம், மத்த ஜனம், பஸ் டிப்போ ஆளுங்க, பூக்கட்டுறவங்க எல்லாரும் வரிசையில நிப்பாங்க, யாருன்னு பாத்து ஊத்துற பழக்கமே அவருக்குக் கிடையாது. ரிடையர் ஆனப்புறம் கேக்கவே வேணாம். வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணியில சோத்து அண்டாவ தலையில வெச்சுகினு நடந்தது, கொரோனாவுல சொந்த புள்ளைங்களே கிட்ட போகாத மையத்துங்கள எந்த மதம்னு கேக்காம தூக்கிகினு போயி அடக்கம் பண்ணது, எல்லாம் நீ பாத்ததுதான். பேரு போட்ட பனியன் குடுத்தா மடிச்சு பீரோவுல வெச்சிடுவாரு, போட்டோ எடுத்தா தலைய குனிஞ்சுக்குவாரு. கல்யாணம் ஆன புதுசுல நான் கூட கேட்டிருக்கேன், ஊருக்கெல்லாம் ஓடுறீங்களே ஊட்டுக்கு ஒரு கிலோ தக்காளி வாங்க மட்டும் ஏன் மறந்துபோவுதுன்னு.

இப்ப உப்புக்கு வர்றேன். கஞ்சி காய்ச்சுறவங்க எல்லாரும் நோன்பாளிங்க, உப்பு இருக்கா இல்லியான்னு யாரு வாயில வெச்சுப் பாக்குறது? நாக்கு நுனியில தொட்டுட்டு துப்பிடலாம், மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்குன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்றாருதான், ஆனா உங்க அத்தாவுக்கு மனசு கேக்காது, துப்புறதுக்குள்ள ஒரு சொட்டு உள்ள போயிட்டா இன்னா பண்றதும்பாரு. முதல் வருஷம் அவரு காய்ச்சுன கஞ்சியில உப்பே இல்ல, தெருவே சத்தம் போடாம குடிச்சுது. மறுநாள் பேக்டரியில அவரு கூட வேலை செஞ்ச லட்சுமணன் அண்ணன் இன்னாத்துக்கோ பாக்க வந்தாரு. இவரு ஒரு குவளைய அவரு கையில திணிச்சு, மச்சான் உப்பு பாருடான்னாரு. அன்னைலேருந்து வருஷா வருஷம், முப்பது நாளும், லட்சுமணன் அண்ணன் சேக்காட்டுலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்து உப்பு பாக்குறாரு. கண்ண மூடி ஒரு வாய் குடிச்சு தலைய ஆட்டுவாரு பாரு, அவரு தலை ஆட்டுனாத்தான் பாங்கு சொல்ற மோதினார் கூட கரண்டிய கையில எடுப்பாரு. உப்பு மாமான்னு சொன்னா நம்ம தெருவுல பச்சப் புள்ளைக்கும் தெரியும். உனக்கும் அவரு மாமாதான், உன் கல்யாண பிரியாணிக்கும் அவருதான் முதல் வாய் பாத்தாரு.

போன கார்த்திகை மழையில அவருக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்துது, உனக்கு சொன்னேன் இல்ல. பொழச்சதே பெருசுன்னாங்க. எழுந்து நடமாடுனாரு, எல்லாம் சரியாப்போச்சுன்னுதான் நாங்க நெனச்சோம். இந்த வருஷம் முதல் நோன்பு அன்னைக்கு ஆள் மெலிஞ்சிருந்தாலும் சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு டாண்ணு வந்துட்டாரு. கஞ்சிய குடிச்சாரு, கண்ண மூடுனாரு, தலைய ஆட்டுனாரு, சரியா இருக்கு பாய்னாரு. எல்லாரும் தூக்குல வாங்கிகினு போனோம். பாங்கு சொன்னதும் பேரிச்சம்பழத்தக் கடிச்சுட்டு ஒரு வாய் கஞ்சி வெச்சேன் பாரு ஷாகிதா, யா அல்லாஹ், சமுத்திரம்! பகல் பூரா தண்ணி படாத தொண்டையில அந்த உப்பு இறங்குனா எப்படி இருக்கும்? தெருவுல ஒவ்வொரு ஊட்டுலேருந்தும் தூ தூன்னு சத்தம் கேக்குது. பிரஷர் இருக்குற பெருசுங்க எல்லாம் கஞ்சிய அப்படியே சாக்கடையில ஊத்துனாங்க. நான் பாங்கு முடிஞ்ச கையோட பள்ளிவாசலுக்கு ஓடி வாசல்ல நின்னுகினு உங்க அத்தாவ பாத்தேன், தலை குனிஞ்சு நிக்குறாரு, நான்தான் ரெண்டு தடவ போட்டுட்டேன், என் தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தாரு. லட்சுமணன் அண்ணன் பேர மூச்சு விடல.

விஷயம் அவரு காதுக்கும் போயிருக்கும், மறுநாள் லட்சுமணன் அண்ணன் வரல. போன் போட்டா எடுக்கல. வேற யாரையாவது கூப்புட்டு உப்பு பாக்கச் சொல்லேன், ஆட்டோ ஸ்டாண்டுல இத்தன பேரு இருக்காங்களேன்னு நான் தலப்பாடா அடிச்சுகினேன். அவன் வருவான் ஜஹானான்னு அதையே சொல்லிகினு உக்காந்திருந்தாரு மனுசன். வரல. முதல் நாள் பயத்துல இவரு உப்ப கிள்ளிப் போட்டிருக்காரு, அன்னைக்கு கஞ்சி சப்புன்னு, ஆஸ்பத்திரி கஞ்சி மாதிரி. அப்புறம் கேக்கணுமா? அன்னைக்கு ராத்திரி தராவிஹ் தொழுகை முடிஞ்சதும் ஜமாத்துல பேச்சு வந்துடுச்சு. உன்கூட படிச்ச ஷாருக் இருக்கானே, இப்ப அவன்தான் செயலாளரு, நல்லா மரியாதையாத்தான் பேசுனானாம், மாமுக்கு வயசாயிடுச்சு, கேட்டரிங்ல சொல்லி வெச்சிருக்கேன், நாளைக்கே வந்துடுவாங்க, மாமு உக்காந்து ஓய்வெடுக்கட்டும்னு. ஜமாத்து தலைவரு முத்தவல்லி நம்ம ஆளு, பழசு எதையும் மறக்காதவரு, ஒரு தடவ பாப்போம், ஆனா இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா அன்னைக்கே அடுப்ப அணைச்சிடலாம், அப்புறம் அடுத்த வருஷத்துப் பேச்சே கிடையாதுன்னு முடிச்சாரு. உங்க அத்தா ஊட்டுக்கு வந்து, கஞ்சி கிண்டுற அந்தப் பெரிய துடுப்ப எடுத்து கொல்லையில வெச்சு கழுவுனாரு, கழுவுனதையே திரும்பக் கழுவிகினு இருந்தாரு. இந்தக் கஞ்சிய புடுங்கிட்டா அந்த ஆளுகிட்ட வேற இன்னா இருக்கு சொல்லு.

அடுத்த நாள் காலையில புர்காவ மாட்டிகினு ஆவடி பஸ் ஏறிட்டேன், அவருகிட்ட சொல்லவே இல்ல. ஆவடியில எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு சேக்காடு போய் கதவத் தட்டுனா பஞ்சவர்ணம் அண்ணி தொறந்துச்சு, என்னப் பாத்ததும் வாசல்லயே நின்னு அழ ஆரம்பிச்சிடுச்சு. அப்பத்தான் விஷயம் தெரிஞ்சுது. காய்ச்சல் வுட்டதுலேருந்து அண்ணனுக்கு வாசனையும் இல்ல, ருசியும் இல்லியாம். காரக்கொழம்ப ஊத்துனாலும் பாயசத்த ஊத்துனாலும் ஒண்ணுதானாம். தானா திரும்பி வந்தாலும் வரும், வராமப் போனாலும் போவும்னு டாக்டரு சொல்லிட்டாராம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. அண்ணி சொல்லுது, இன்னாத்த சொல்றது ஜஹானா, நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா பாய் வேற ஆள வெச்சிடுவாரு, அப்பால நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு அங்க போவேன்னு ராத்திரியெல்லாம் பொலம்புறாரு, ஒரு வருசமா காத்துகினு கீறாரு இந்த மாசத்துக்கோசரம், அப்படின்னு. அண்ணன் உள் ரூம்ல கதவ சாத்திகினு உக்காந்திருக்காரு. எனக்கு வந்துதே கோவம்! கதவுக்கு வெளிய நின்னுகினு கத்துனேன், ஏண்ணே, நாக்குதான போச்சு, காலு போச்சா? பஸ்ஸு ஓடலியா? அங்க உங்க கூட்டாளி உங்க பேரு வெளிய வராம ஊரு முன்னாடி திட்டு வாங்கிகினு நிக்குறாரு, நீங்க இங்க கதவ சாத்திகினு இருக்கீங்க, தொறக்குறீங்களா இல்ல நான் இங்கயே உக்காந்து நோன்பு திறக்கட்டுமான்னு. தொறந்துட்டாரு. கண்ணெல்லாம் வீங்கி இருந்துது பாவம், நான் கத்தியிருக்க வேணாம்.

அண்ணிய திரும்பிப் பாத்தேன். அந்த ஊட்டுல உப்பு பாக்குறது யாரு, அண்ணிதான? நீ வா அண்ணின்னேன். ஐயே, பள்ளிவாசலுக்கு பொம்பள வரலாமா, அதுவும் நான் வரலாமான்னு அது கேக்குது. கொட்டாய் பின்பக்கம்தான இருக்கு, தனி வழி, யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாத்துக்குறேன்னு ரெண்டு பேரையும் இழுத்துகினு வந்துட்டேன். உங்க அத்தா அடுப்பு மூட்டிகினு இருந்தாரு. லட்சுமணன் அண்ணன் நேரா போயி, எனக்கு ருசி தெரியாதுடா பாய், உன்ன ஏமாத்திட்டேன்னு ஒடஞ்சு அழுதாரு. இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? தெரியும்டா, மாசி மாசமே தெரியும், டீக்கடையில சக்கரை போடாத டீய உன்கிட்ட மாத்திக் குடுத்துட்டான், நீ நல்லா இருக்குன்னு சொல்லி குடிச்ச, அப்பவே புரிஞ்சுகினேன்னாரு. அப்புறம் ஏன்டா குவளைய என் கையில குடுத்தன்னு அவரு கேட்டா, புடுங்கிட்டா நீ எதுக்கு மச்சான் பஸ் ஏறி வருவன்னாரு. லட்சுமணன் சொல்றத நம்ப முடியாதுன்னு இவரு தானே பாத்து பாத்து உப்பு போட்டிருக்காரு, லுஹர் தொழுதுட்டு வந்து போட்டமா இல்லியான்னு சந்தேகம் வந்து திரும்பவும் போட்டிருக்காரு. ரெண்டு கெழமும் ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகக் கூடாதுன்னு சேர்ந்து ஊரு வாய உப்புல ஊற வெச்சிருக்காங்க, கேட்டியா கதைய! திட்டணும்னு வாயத் தொறந்தேன், அழுகைதான் வந்துது.

அன்னைலேருந்து அண்ணிதான் உப்பு பாத்துது. முதல் நாளே, உப்பு சரியா கீது, இஞ்சிதான் பத்தல, இன்னா பாய் இம்மாம் பெரிய தேக்சாவுக்கு ரெண்டு துண்டு இஞ்சி போட்டா எங்க போய் உறைக்கும்னு ஆரம்பிச்சிடுச்சு. உங்க அத்தா காய்ச்சுற கஞ்சிய இத்தன வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்ல, மனுசன் முழிச்சாரு பாரு, நான் முக்காட்டுக்குள்ள சிரிச்சேன். ஆனா கஞ்சி ருசி ஏறிப்போச்சு. வரிசை கொட்டாயத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நின்னுது. ரெண்டு மூணு பேரு பொம்பளைங்க இங்க எதுக்குன்னு முணுமுணுத்தாங்கதான், ஹஜ்ரத்து அவங்களப் பாத்து, கஞ்சி நல்லா இருக்கா இல்லியா அத மட்டும் சொல்லுங்கன்னாரு, அடங்கிட்டாங்க. லட்சுமணன் அண்ணனுக்கு உங்க அத்தா வேற வேலை குடுத்தாரு, இஞ்சி உரிக்கிறது, பூண்டு உரிக்கிறது, புதினா கிள்ளுறது. நல்லாத்தான் செஞ்சாரு, ஆனா உப்பு பாக்குற நேரம் வந்தா எழுந்து போயி கொழாய்கிட்ட நின்னுக்குவாரு. குவளைய அண்ணி வாங்குறத அவரால பாக்க முடியல. யாராவது உப்பு மாமா இன்னைக்கு எப்படின்னு கேட்டா சிரிச்சுகினே மூஞ்சிய திருப்பிக்குவாரு. உங்க அத்தா தொழுகையில ரொம்ப நேரம் கையேந்துனாரு, இன்னா கேட்டாருன்னு எனக்குத் தெரியும், நானும் அதத்தான் கேட்டேன்.

இருபத்தொம்பதுல பிறை தெரியல, முப்பதாம் நோன்புதான் கடைசின்னு ஆயிடுச்சு. அன்னைக்கு மத்தியானம் அண்ணி வந்ததும் வழக்கமா டீ போட்டுக் குடுப்பேன், வேணாம்னுது. என்ன தனியா இழுத்துகினு போயி காதுல சொல்லுது, ஜஹானா நான் இன்னிக்கி நோம்பு கீறேன், விடியக்காத்தால எழுந்து சாப்புட்டுட்டு வந்துகீறேன்னு. எதுக்கு அண்ணின்னா, அவரு வாய்க்கு ருசி திரும்பணும்னு திருவேற்காட்டு அம்மாகிட்ட வேண்டிகினு கீறேன், அது அந்தப் பக்கம், இந்தப் பக்கமும் ஒருவாட்டி கேட்டு வெக்கலாம்னுதான், ஒரு மாசமா உங்க அடுப்பாண்ட நின்னேனே, கேட்டா குடுக்க மாட்டாரான்னுது. நான் அத கட்டிப் புடிச்சுகினு அழுதேன் சிரிச்சேன், எல்லாம் பண்ணேன், ஒண்ணு மட்டும் யோசிக்கல. அசருக்கு கொஞ்சம் முன்னாடி உங்க அத்தா குவளையில கஞ்சி ஊத்தி அண்ணிகிட்ட நீட்டுறாரு, அண்ணி கைய நீட்டிட்டு வெடுக்குனு பின்னாடி இழுத்துக்குது. நோம்பு பாய்னு சொல்லிட்டு தலையில கைய வெச்சுகினு உக்காந்துடுச்சு! கொட்டாயில நாங்க இருந்தது இத்தன பேரு, அத்தன பேரும் நோன்பு, உப்பு பாக்க ஒரு வாய் இல்ல. பெருநாளைக்கு முந்தின நாள் கஞ்சி, ஊரே வரும், முத்தவல்லி சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

ஷாருக் அங்கதான் நின்னுகினு இருந்தான், இருங்க மாமு ஆட்டோ ஸ்டாண்டுல யாரையாவது கூட்டிகினு வர்றேன்னு கிளம்பிட்டான். உங்க அத்தா எதுக்குடா, உப்பு பாக்குறவன் இங்கதான இருக்கான்னாரு. குவளைய எடுத்துகினு கொழாய்கிட்ட நின்ன லட்சுமணன் அண்ணன் கையில குடுத்தாரு. அவரு, வேணாம் பாய், இன்னொரு நாள் தப்பாச்சுன்னா உன் அடுப்ப அணைச்சிடுவாங்க, நான் தாங்க மாட்டேன்னாரு. நீ குடிச்சுப் பாத்து சொல்லு மச்சான், மத்தத நான் பாத்துக்குறேன்னாரு இவரு. அண்ணன் குடிச்சாரு. கண்ண மூடுனாரு. தலைய ஆட்டல. இன்னொரு வாய் குடிச்சாரு. அப்புறம் கண்ணத் தொறக்காமயே, கம்மியா இருக்குடா, இன்னும் ஒரு கை போடுன்னாரு. அண்ணி அலறுது, பாய் கேக்காதீங்க பாய், நேத்து ராத்திரி கூட ரசத்த தண்ணின்னு சொன்னாரு பாய்னு. ஷாருக் மாமு வேணாம்ங்குறான். முதல் நாள் கஞ்சி எனக்கு ஞாபகத்துக்கு வருது, போடாதீங்கன்னு சொல்ல நானே ரெண்டு எட்டு எடுத்து வெச்சேன். உங்க அத்தா யாரையும் பாக்கல, பிஸ்மில்லான்னு சொல்லி நெறைய ஒரு கை உப்ப அள்ளி தேக்சாவுல போட்டு துடுப்பால கிண்ட ஆரம்பிச்சிட்டாரு. போட்ட உப்ப எடுக்க முடியுமா? அவ்ளோதான். வரிசை நகர்ந்துது, ஒவ்வொரு தூக்கா ரொம்பி ரொம்பி போவுது, நான் எண்ணிகினு நிக்குறேன்.

என் தங்கச்சி பஞ்சவர்ணம் முதல் நோன்பு திறக்குறா, நான் ஊட்டுலதான் திறப்பேன்னு சொல்லி உங்க அத்தா அன்னைக்கு பள்ளிவாசல்ல உக்காரல. நாங்க நாலு பேரும் பாய் விரிச்சு உக்காந்தோம். நடுவுல கஞ்சி. லட்சுமணன் அண்ணன் செவத்துப் பக்கம் பாத்துகினு இருந்தாரு, உங்க அத்தா மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி கோப்பைங்கள வரிசையா எடுத்து வெக்குறாரு. பாங்கு சொன்னாங்க. நான் கோப்பைய கையில எடுத்தேனே தவிர வாய்கிட்ட கொண்டுபோக தைரியம் வரல, அண்ணியத்தான் பாத்தேன். அண்ணி பேரிச்சம்பழம் சாப்புட்டுது, தண்ணி குடிச்சுது, கோப்பைய எடுத்து ஒரு வாய் கஞ்சி குடிச்சுது. அப்படியே நின்னுபோச்சு. கோப்பைய கீழ வெச்சுது. புருசன் பக்கம் திரும்பி அவரு தோள்ல படார் படார்னு அடிக்குது, பாவி மனுசா, கரெக்டா கீதுய்யா, உப்பு கரெக்டா கீதுய்யா, உனுக்கு தெரியுதாய்யான்னு கேட்டு கேட்டு அடிக்குது. அவரு அடி வாங்கிகினே அழுறாரு. மூணு நாளா இஞ்சி உரிக்கிறப்ப லேசா ஒரு வாசனை வந்துதாம், வெளிய சொன்னா பொய்யாப் போயிடுமோன்னு பயந்து சொல்லலியாம். உங்க அத்தா ஒரு வாய் குடிச்சாரு, லட்சுமணன் அண்ணன் கையப் புடிச்சுகினாரு, அவ்ளோதான், விக்கி விக்கி அழ ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அப்படிப் பாத்ததில்ல, அவங்க அம்மா மௌத்தானப்ப கூட இல்ல. மறுநாள் நீ போன் பண்ணப்பவும் அதோட மிச்சம்தான்.

அதுக்குள்ள ஷாருக் கோப்பையும் கையுமா ஓடி வர்றான், மாமு இன்னா கஞ்சி மாமு இது, முத்தவல்லி ரெண்டாவது தடவ வாங்கிட்டாரு, கேட்டரிங்கெல்லாம் இல்ல, நீங்க இருக்குற வரைக்கும் நீங்கதான், உப்பு மாமா இருக்குற வரைக்கும் அவருதான்னு சொல்லச் சொன்னாருன்னு மூச்சு வாங்க சொல்றான். தெருவே எங்க வாசல்ல வந்து நின்னுது ஷாகிதா. உப்பு மாமா, உப்பு மாமான்னு கூப்புட்டு கைய குடுக்குறாங்க. பெருநாள் தொழுகைக்குக் கூட அப்படி ஒரு கூட்டம் நம்ம வாசல்ல நின்னதில்ல. இது அல்லாஹ் குடுத்ததுன்னு நான் சொன்னேன், திருவேற்காட்டு அம்மா குடுத்ததுன்னு அண்ணி சொல்லுது, கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சண்ட போட்டோம், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சேமியா வறுத்தோம்.

ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீ ஷாருக்குக்கு போன் போட்டு, அத்தாவ அடுப்புலேருந்து எப்படியாவது எறக்கிடுடான்னு அழுததா அவனே என்கிட்ட சொல்லிட்டான். உன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவ்ளோ தூரத்துல இருந்துகினு அப்பன் முட்டிய நெனச்சு தூக்கம் போனா யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணுவாங்க. உங்க அத்தாவுக்கு இது தெரியாது, தெரியவும் வேணாம். ஆனா இப்ப படிச்சிட்ட இல்ல, அவர உக்கார வெக்கிறது வேற, அடுப்ப புடுங்குறது வேற, புரிஞ்சுதா? நான் ஷாருக்கையே புடிச்சு வெச்சிட்டேன், அடுத்த வருஷம் துடுப்பு போடுறது அவனும் அவன் சேக்காளிங்களும், உங்க அத்தா நாற்காலியில உக்காந்து சொல்லிகினு இருப்பாரு, அண்ணி இஞ்சிய பாத்துக்கும். முட்டிக்கு டாக்டர்கிட்ட வர்ற சனிக்கிழமை கூட்டிகினு போறேன், அழுது அடம் புடிச்சாலும் விடமாட்டேன். நீ நிம்மதியா தூங்கு.

மாப்பிள்ளைக்கு எங்க சலாம சொல்லு. வேளைக்கு சாப்புடு, கனமான எதையும் தூக்காத, மனசுல எதையும் வெச்சு மருகாத. படைச்சவன் உனக்கு லேசான பிரசவத்தக் குடுத்து, தாயையும் புள்ளையையும் என் கண்ணு குளிர காட்டணும், உன் ஊட்டுல என்னைக்கும் அடுப்பு எரியணும், வாசல்ல நிக்கிறவங்களுக்கு ஊத்த உன் கையில எப்பவும் ஒரு கரண்டி இருக்கணும். ராதிகா வந்ததும் ஊறுகா பாட்டில வாங்கி பிரிட்ஜுல வெய். மறக்காம ஷாருக்குக்கு ஒரு போன் போட்டு, அழுததுக்கு பதிலா இந்தத் தடவ சிரிச்சுப் பேசு. அடுத்த நோன்புக்கு கைப்புள்ளையோட நீ இங்க வந்துடணும், டிக்கெட்ட இப்பவே பாத்து வெய். பால் குடுக்குற தாய்க்கு நோன்பு கட்டாயம் இல்ல, அப்புறமா வெச்சுக்கலாம், அதனால ஷாகிதா வந்தா உப்பு பாக்க இன்னொரு வாய் ஆச்சுன்னு நேத்து நான் வாய் தவறி சொல்லிட்டேன். லட்சுமணன் அண்ணன் டீய அப்படியே வெச்சுட்டு, அந்த வேலைக்கு ஆளு இருக்கு தங்கச்சி, அவ வந்தா கீழ உக்காந்து பூண்டு உரிக்கச் சொல்லுன்னுட்டாரு.

உன் வரவுக்கும் பேரப்புள்ளைக்கும் பாய் விரிச்சு வெச்சிருக்கும்
உன் அம்மா
ஜஹானாரா ஹபிபுல்லா